பன்னீர்செல்வம் கதவை இழுத்து மூடிய கதை

அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது இட்லிக்கும் மூன்றாவது இட்லிக்கும் நடுவில், பன்னீர்செல்வம் ஒரு பெரிய முடிவெடுத்தார். ஹாலுக்கும் சின்ன அறைக்கும் நடுவே இருக்கும் கதவை இழுத்து மூடிவிடுவது.

நஷ்டத்தில் ஓடும் மில்லைத்தான் இழுத்து மூடுவார்கள். இது நிஜமாகவே இழுக்க வேண்டிய கதவு. இழுத்தால் சுவருக்குள்ளிருந்து வரும். தள்ளினால் சுவருக்குள்ளேயே போய் மறைந்துகொள்ளும். செங்கல்பட்டில் அப்படியொரு கதவு வேறெந்த வீட்டிலும் கிடையாது என்பது அவருடைய எண்ணம். படம் வரைந்ததும் அவரேதான். கல்பாக்கத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை, காலையில் ஆபீஸ் பஸ், மாலையில் ஆபீஸ் பஸ். ஆபீசில் அவர் கிழித்த கோட்டை யாரும் தாண்ட மாட்டார்கள். வீட்டில் கோடு கிழிப்பது மனைவி வசுமதி.

வீடு கட்டிய வருஷம் அவர்களுடைய ஒரே மகள் அனுவுக்குப் பதினான்கு வயது. எனக்குத் தனி ரூம் வேண்டும், அதற்குக் கதவும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மிச்சமிருந்த இடத்தில் கட்டில் போட்டால் கதவு திறக்காது, கதவு திறந்தால் கட்டில் போட முடியாது. பன்னீர்செல்வம் மூன்று ராத்திரி யோசித்து இந்தக் கதவைக் கண்டுபிடித்தார். ஹால் பக்கச் சுவரில் கொஞ்ச தூரம் செங்கல் இல்லாமல், உள்ளே கூடாக விட்டு, இரண்டு பக்கமும் பிளைவுட் அடித்து, சுவரோடு சுவராகப் பெயின்ட் அடித்துவிட்டார். தச்சர் சிரித்தார். மேஸ்திரி தச்சரைப் பார்த்துச் சிரித்தார். கதவு முதல் தடவை சத்தமில்லாமல் சுவருக்குள் போனபோது அனு கைதட்டினாள். "அப்பா, கதவை வீடு முழுங்கிடுச்சுப்பா!"

அனு இப்போது இல்லை. கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். அப்புறம் நினைக்க நேரமில்லாமல் போய்விட்டது.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த மழையிலிருந்தே கதவு பாதியில் நின்றுவிட்டது. இழுத்தால் ஒரு நூலளவு வரும். தள்ளினால் ஒரு நூலளவு போகும். அவ்வளவுதான். மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது, வெயிலில் சரியாகிவிடும் என்றார் பன்னீர்செல்வம். இரண்டு அக்கினி நட்சத்திரம் வந்து போயிற்று. கதவு அசையவில்லை.

மூடாத பாதி வழியாக ஹாலிலிருந்து கட்டிலின் கால்மாடு தெரியும். கொக்கியில் தொங்கும் பச்சைத் துப்பட்டா தெரியும். வசுமதி தினமும் ஒருக்களித்து உள்ளே போய்ப் பெருக்கிவிட்டு வருவாள். பன்னீர்செல்வம் அந்த நாளுக்குப் பிறகு அங்கே காலெடுத்து வைக்கவில்லை. முதலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு டி.வி.யைத் திருப்பினார். கடைசியில் சோபாவும் திரும்பியது. வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று தெரியாமல் முழித்தார்கள்.

ஆகவே திட்டம் இதுதான். கதவைச் சரிபண்ணி முழுசாக இழுத்து மூட வேண்டும். மறுநாளே படுக்கையறையிலிருக்கும் இரும்பு பீரோவைக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் அங்கே ஓர் அறை இருப்பதாகவே தெரியாது. பீரோ விஷயத்தை மட்டும் வசுமதியிடம் சொல்லக்கூடாது.

"வசு, இன்னிக்கு அந்தக் கதவைச் சரி பண்ணிடலாம்னு இருக்கேன்."

"சரிங்க."

பன்னீர்செல்வத்துக்கு இட்லி புரையேறியது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எதற்கும் வசுமதி முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. மழை பெய்கிறது என்று சொன்னால்கூட வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள்.

"எலி வருது, அதான்..." என்று இழுத்தார்.

"நான் ஏன்னு கேட்டனா? பண்ணுங்க. நல்லா வழுக்கிகினு போவணும், பாத்துக்கோங்க."

மதுராந்தகத்துக்காரி. வார்த்தை குறைவாகத்தான் வரும், ஆனால் திரும்பிப் போகாது.

கதவோடு சமாதானப் பேச்சு தேங்காய் எண்ணெயில் தொடங்கியது. மேலே கதவு ஓடும் சேனலில் எண்ணெய் விட்டார். மெழுகுவர்த்தி தேய்த்தார். சோப்பு தேய்த்தார். ஹாலில் நின்றபடியே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி இழுத்தார். கைப்பிடி மட்டும் கழன்று கையோடு வந்தது.

சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு சாலமோன் வந்தார். சதுரங்கப்பட்டினத்துக்காரர். ஒரே ஆபீஸ் பஸ். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் சாலமோன் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு டிபன் கேரியர் வைக்கலாம்.

"இன்னா அண்ணாத்த, காலங்காத்தால கதவுகூட சண்டை போட்டுகினு கீற?"

"இழுபறி சாலமோன். நான் இழுக்கறேன், அது பறிக்குது."

"நவுரு. நான் ஒரு இழு இழுக்கறேன்."

சாலமோன் இழுத்தார். சுவரே முன்னால் வந்துவிடும்போல இருந்தது. கதவு வரவில்லை.

"மேல வீல் தடம் மாறிக்கினு இருக்கும் அண்ணாத்த. பீடிங்கக் கழட்டிப் பாத்தாதான் தெரியும். எந்தப் பக்கம் வுட்டுக்கீற?"

பன்னீர்செல்வம் கழன்ற கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீடிங் என்கிற அந்த மரச்சட்டம் அறையின் உள்பக்கம் இருந்தது. ஹால் பக்கம் ஸ்க்ரூத் தலை தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று அவரே படத்தில் அப்படிப் போட்டிருந்தார்.

"நீ போய்க் கழட்டிட்டு வாயேன் சாலமோன்."

சாலமோன் பாதி திறந்த வழியைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். மறுபடி வழியைப் பார்த்தார்.

"நான் அதுல பூந்தா அப்பறம் என்னிய எடுக்க வேற ஆளு இட்டாரணும்."

"வசு, நீதான் தினமும் போறியே. நாலு ஸ்க்ரூதான். நான் இங்கேர்ந்து சொல்றேன்..."

வசுமதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்குத் துடைப்பம் பிடிக்கத்தான் தெரியும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாது." போன மாசம்தான் மிக்ஸியைக் கழற்றி மாட்டியிருந்தாள் அவள்.

வேறு வழியில்லை. பன்னீர்செல்வம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்தார். கண்ணை மூடிக்கொண்டார். சட்டைப் பித்தான் ஒன்று கதவில் மாட்டித் தெறித்தது. உள்ளே போய்விட்டார்.

கண்ணைத் திறந்தால் ஸ்க்ரூவை மட்டும்தான் பார்ப்பது என்று தீர்மானம். முதல் ஸ்க்ரூவைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவது ஸ்க்ரூ கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடி ஓரத்தில், அனு குளிக்கப் போகும்முன் எடுத்து ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன. பெரியது, சின்னது, கறுப்பு, மெரூன். நாளைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒட்டியவை.

வெளியே சாலமோன், "வந்துச்சா அண்ணாத்த?" என்று கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பிறகு உள்ளேயிருந்து, இருமல் மாதிரி ஆரம்பித்து இருமலாக முடியாத ஒரு சத்தம் வந்தது. அவர் வசுமதியைப் பார்த்தார். அவள் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். சாலமோன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவுக்குப் போய்த்தான் மாட்டிக்கொண்டார்.

வசுமதி உள்ளே போகவில்லை. கதவின் இந்தப் பக்கம், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

அதன் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கதவு வேலைதான். பன்னீர்செல்வம் கடைத்தெருவுக்குப் போய்ப் புது வீல் வாங்கி வந்தார். சின்னதாக இருந்தது. மாற்றினார். பெரிதாக இருந்தது. முன்பக்க வீலை எப்படியோ மாட்டிவிட்டார், பின்பக்கத்துக்குக் கதவை இறக்க வேண்டும், கதவோ இறங்கவில்லை. சனிக்கிழமைகளிலும் உள்ளே போனார். பிறகு ஆபீஸிலிருந்து வந்ததும் நேரே உள்ளே போனார். ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கும், ஆனால் எதையும் திருகுகிற சத்தம் வராது. ஒருநாள் வசுமதி காபியைக் கதவிடுக்கில் நீட்டினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து அந்தத் துப்பட்டாவை மடித்துக்கொண்டிருந்தார். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"என்னங்க, வீல் எப்படி இருக்கு?"

"இருக்கு. இதை எப்படி மடிக்கறதுன்னு தெரியல வசு. மூணு முனை வருது."

"நாலு முனைதான். ஒண்ணு உங்க கால்ல மாட்டிகினு கீது."

அவர் காலைத் தூக்கினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் கொஞ்சம் வந்தது. இரண்டு பேரும் உடனே நிறுத்திக்கொண்டார்கள், யாரோ பார்த்துவிட்ட மாதிரி.

கடைசியில், அறைப் பக்கத்துப் பிளைவுட்டை முழுசாகவே கழற்றிவிட்டார். சுவரின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வீலில் குற்றமில்லை. சேனலில் குற்றமில்லை. மரம் ஊதவுமில்லை. கதவின் முதுகில், நெல்மணி நீளத்துக்கு, ஓர் ஆணியின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹால் பக்கத்திலிருந்து பிளைவுட்டைத் துளைத்து, கதவையும் துளைத்து, இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தது.

ஹாலுக்கு வந்து அளந்து பார்த்தார். அளக்கத் தேவையே இல்லை. அந்த இடத்தில் அனுவின் படம் மாட்டியிருந்தது.

காரியத்தன்றைக்கு அவரேதான் அடித்தார். மச்சினன் ஜம்புலிங்கம் சின்ன ஆணி ஒன்றைக் கொடுத்தார். பன்னீர்செல்வம் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பெட்டியிலேயே பெரிய ஆணியாகத் தேடி எடுத்தார். என் பொண்ணு போட்டோ விழக்கூடாது என்று சொன்னார். செங்கல் சுவராக இருந்திருந்தால் ஆணி அப்படி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியிருக்காது. சுவர் எங்கே கூடு, எங்கே கெட்டி என்று படம் வரைந்த மனிதர் அவர். அன்றைக்கு அவருக்கு அது தெரியவில்லை.

வசுமதி பின்னால் வந்து நின்றாள்.

"ஆணிதான் வசு. நான் அடிச்ச ஆணி."

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"நீங்க அடிக்கறப்பவே. கதவு டக்குனு ஒரு சத்தம் போட்டு நின்னுச்சு. நான் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"கண்ணு தெரியாம அழுதுகினே அடிச்சுகினு இருந்தீங்க. அந்த நேரத்துல போய் ஆணி நீளம்னு சொல்லுவனா?"

"சரி, அப்புறம்? ரெண்டு வருஷமா? நான் வீல் வாங்கினேனே! சோப்பு தேய்ச்சேனே! பிளைவுட்டையே கழட்டினேனே!"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"ஆணின்னு சொல்லியிருந்தா ஹால்ல நின்னே பிடுங்கியிருப்பீங்க."

பன்னீர்செல்வம் வாயைத் திறந்தார். இரண்டு வீல் மாதிரியே வார்த்தையும் ஒன்று சின்னதாக வந்தது, ஒன்று பெரிதாக வந்தது. எதுவும் பொருந்தவில்லை. மூடிக்கொண்டார்.

இரண்டு பேருமாகப் படத்தை இறக்கி மேஜைமேல் வைத்தார்கள். குறடு போட்டு ஆணியைப் பிடுங்கினார். அது வரும்போது ஒரு முனகல் முனகியது. பிறகு, திரும்ப மாட்டியிருந்த கைப்பிடியில் ஒற்றை விரலை வைத்து இழுத்தார். கதவு சுவரை விட்டு மெல்ல, சத்தமே இல்லாமல், முழுசாக வெளியே வந்தது.

அதோடு இன்னொன்றும் வந்தது. இத்தனை நாளும் சுவருக்குள் இருந்த பாதியில், நீல ஸ்கெட்ச் பேனாவால், கொஞ்சம் கோணலாக: 'தட்டிவிட்டு வரவும். அப்பாவும்தான்.'

அனு அதை எழுதிய அன்றைக்கு, தேக்கு மரத்தில் கிறுக்கினாயே என்று அவர் ஒரு மணி நேரம் திட்டியிருந்தார். அவள் பதிலுக்குக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அவர் தட்டாமல் திறந்துகொண்டு போய் மேலும் அரைமணி நேரம் திட்டினார்.

பன்னீர்செல்வம் விரலை மடக்கி, மரத்தின் மேல், அந்த எழுத்துக்குப் பக்கத்தில், இரண்டு தட்டுத் தட்டினார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போனார்.

பீரோத் திட்டத்தை அன்றோடு இழுத்து மூடிவிட்டார். அதைவிடப் பெரிய முடிவாக இன்னொன்று எடுத்தார். இனிமேல் இந்த அறையை விட்டு நகர்வதில்லை. ஆபீசுக்குப் போகலாம், மற்றபடி இங்கேதான் உட்காருவது, இங்கேதான் படுப்பது. ஒரு பொருளும் இடம் மாறக்கூடாது. தலையணையை எடுத்துக்கொண்டு வந்து வசுமதியிடம் அறிவித்தார்.

"சரிங்க," என்றாள் வசுமதி.

இரண்டாவது சரி. உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வெச்சிடுங்க. கதவுன்னா தாழ்ப்பாள் இருக்கணும். அப்படியே அந்தச் சுவத்துக்குச் சுண்ணாம்பு, கட்டில் கால் ஆடுது அதுக்கு ஒரு ஆப்பு. நீங்கதான படுக்கப் போறீங்க?"

நியாயமாகத்தான் இருந்தது. பன்னீர்செல்வம் அடுத்த வாரம் முழுவதும் உழைத்தார். பித்தளைத் தாழ்ப்பாள். வெள்ளைச் சுவர். ஆடாத கட்டில். கண்ணாடியில் இருந்த பொட்டுகளை மட்டும் யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் ஒரு சூட்கேஸ் இறங்கியது. அடுத்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அடுத்து ஹரிப்ரியா. ஜம்புலிங்கத்தின் மகள், அனுவை விட ஒரு வயது சின்னவள். லீவு விட்டால் மதுராந்தகத்திலிருந்து வந்து இந்த அறையில்தான் கிடப்பாள். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் ஹாலில் செய்தி கேட்க விடாது. இந்த இரண்டு வருஷமாக அவள் வந்ததில்லை. அவளைப் பார்க்க முடியாமல் பன்னீர்செல்வம்தான் மதுராந்தகம் போவதை விட்டிருந்தார்.

"பரனூராண்ட புதுக் கம்பெனில வேலை கெடச்சிருக்கு," என்றாள் வசுமதி. "தினமும் மதுராந்தகத்துலேர்ந்து வர முடியுமா? இங்கதான் தங்கப்போறா."

"எங்க தங்கப்போறா?"

வசுமதி கதவைப் பார்த்தாள்.

அவளை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். "யாரைக் கேட்டு? எப்போ முடிவாச்சு இது?"

"வேலை ரெண்டு மாசம் முன்னாடியே முடிவாயிடுச்சு. கதவு சரியில்லாத ரூம்ல வயசுப் பொண்ணைத் தங்க வெக்க முடியுமா? எப்படிடா உங்களைக் கேக்கறதுன்னு யோசிச்சுகினு இருந்தேன். இட்லி சாப்பிடறப்போ நீங்களே சரி பண்றேன்னீங்க."

"நான் எதுக்குச் சொன்னேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஆளில்லாதப்போ பீரோவை நூல் வெச்சு அளந்தீங்க. அந்த நூல அங்கியே வுட்டுட்டுப் போயிட்டீங்க." அவள் குரல் தழைந்தது. "மொதல்ல பீரோ வெச்சு மறைக்கப் பாத்தீங்க. இப்போ உள்ளயே உக்காந்து அடைச்சுக்கப் பாக்கறீங்க. எப்படியும் அனு வரப்போறதில்லீங்க. வந்து நிக்கறவளையாவது உள்ள வுடுங்க."

பன்னீர்செல்வம் ஹாலுக்கு வந்தார். ஹரிப்ரியா சூட்கேஸைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றிருந்தாள். கதவில் இருந்த எழுத்தைப் படித்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"மாமா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் ஹாஸ்டல் பாத்துக்கறேன்."

அவள் அனு மாதிரி இல்லை. குரலும் வேறு, நிறமும் வேறு. அதைக் கவனிக்க இரண்டு வருஷம் பயந்துகொண்டிருந்தோமே என்று அவருக்குத் தோன்றியது.

"கதவைத் தள்ளிப் பாரும்மா," என்றார். "ஒத்தை விரல் போதும்."

அவள் ஒற்றை விரலால் தள்ளினாள். வீடு கதவை முழுங்கியது. உள்ளே போனாள். கொஞ்சம் நின்று, திரும்பி, கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

பன்னீர்செல்வம் சோபாவில் உட்கார்ந்தார். சோபா எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது இப்போது முக்கியமாக இல்லை. வசுமதியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுகை வந்தது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை.

பன்னீர்செல்வம் எழுந்தார். வசுமதி வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. அவளும் இத்தினி நாளா எங்க அழுதிருப்பா? கதவைச் சாத்திகினு அழட்டும்."

உட்கார்ந்தார். அழுகை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தபோதுதான், வசுமதி அழுது தான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அவருக்கு உறைத்தது. காரியத்தன்றைக்கும் கேட்கவில்லை. அதற்கப்புறமும் இல்லை. மூடாத கதவுக்குள் ஒருக்களித்துப் போனாள், பெருக்கினாள், வந்தாள்.

தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"கதவு நல்லா ஓடுது இல்ல வசு?"

"ஓடுது. ஆனா சத்தம் வெளிய வருது." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ நாளைக்கு ஆபீஸ் போனதும் நான் உள்ள போவணும். எனக்கு இவ்ளோ மெதுவால்லாம் வராது. அதுக்குள்ள அந்த இடுக்கை எதனா வெச்சு அடைச்சுக் குடுங்க."

பன்னீர்செல்வம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். பாதி வழியில் நின்றார். சுத்தியல், குறடு, ஸ்க்ரூடிரைவர், மூக்குக் கண்ணாடி, தலையணை எல்லாம் தாழிட்ட கதவுக்கு உள்ளே இருந்தன.